முதலுக்கே மோசம்!

காரைப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று இனி யாராவது உங்களிடம் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'என் வண்டியில் எதையாவது சேர்க்கப் போகிறாயா, இல்லை எதையாவது எடுக்கப் போகிறாயா?' பத்துக்கு ஒன்பது பேர் திருதிருவென்று விழிப்பார்கள். பத்தாவது ஆள் மேனேஜரைக் கூப்பிடுவார்.

எனக்கே இந்தக் கேள்வி போன மாதம்தான் புத்திக்கு எட்டியது. உபயம், திருவாலங்காடு.

நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இருக்கிற ஊர். பெயரிலேயே ஆலங்காடு. நிழலுக்கு என்ன பஞ்சம் என்று ஓர் ஆலமரத்தடியில் காரை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், ஆலம்பழம் தின்ற பறவைகள் எல்லாம் என் வண்டி மேல் விருந்தை முடித்துக்கொண்டு போயிருந்தன. அப்போதே துடைத்திருக்க வேண்டும். 'போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று மத்தியான வெயிலில் கிளம்பிவிட்டேன்.

திருவள்ளூர் நெருங்கும்போது சாலையோரம் ஒரு வாட்டர் வாஷ் ஷெட். பையன் தண்ணீர் பீய்ச்சியடித்தான். எச்சம் போய்விட்டது. பானெட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு மங்கல் மட்டும் போகவில்லை.

"ஃபுல் பாடிக்கு ரப்பிங் போட்டு பாலிஷ் அடிச்சிரலாம் சார். ஆயிரத்து எண்ணூறுதான். மூஞ்சி பாத்துத் தலை வாரலாம்!" என்றான் பையன்.

தலையாட்டப் போனேன். பக்கத்து டிங்கரிங் பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். சட்டையில் பத்துப் பதினைந்து கலர். பெயிண்டர் என்று சொல்லவே வேண்டாம்.

"எத்தினி வருஷ வண்டி சார்?"

"ஆறு வருஷம்."

"எத்தினி தபா பாலிஷ் போட்டீங்க?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவை. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் போட்டுடுவோம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

பெரியவர் பானெட்டை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். "அப்ப இன்னும் தேய்க்கறதுக்கு இன்னா சார் மிச்சம் இருக்கு? வாணாம், உட்ருங்க."

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. அந்த எரிச்சல்தான் இந்த வாரக் கட்டுரை.

காரின் மேல் இருக்கும் பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு ஒன்று. அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே, நிறமே இல்லாத கண்ணாடி போன்ற ஒரு படலம். இதற்குக் 'கிளியர் கோட்' என்று பெயர். நான்கும் சேர்ந்தே சுமார் நூறு, நூற்றிருபது மைக்ரான்தான் தேறும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குக்குப் பெயர் மைக்ரான். அந்தக் கிளியர் கோட் மட்டும் சுமார் 40 மைக்ரான். உங்கள் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிப் பாருங்கள் (இருந்தால்!). அதன் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது, பத்து லட்சம், பதினைந்து லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியின் மொத்த பளபளப்பும் ஒரு தலைமுடியைவிட மெல்லிய படலத்தில் இருக்கிறது!

இனி பாலிஷ் என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்தப் படலம் சமமாக இருக்கும்வரை வெளிச்சம் நேராகத் திரும்பி வருகிறது. நாம் அதைப் பளபளப்பு என்கிறோம். துடைக்கத் துடைக்க நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. வெளிச்சம் சிதறுகிறது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரியும். பாலிஷிலும் ரப்பிங் காம்பவுண்டிலும் இருப்பது சன்னமான தேய்ப்புப் பொடி. அது கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியிருக்கும் மேட்டையெல்லாம் கீறலின் ஆழம்வரை சீவிச் சமமாக்குகிறது. பள்ளம் தெரியக்கூடாது என்பதற்காகத் தெருவையே தோண்டித் தாழ்த்துகிற வேலை. தெரு பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அப்படி ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகிறது. இருப்பே நாற்பதுதான். காரை வெயிலிலிருந்து காப்பாற்றுகிற வேதிப்பொருளும் இந்தப் படலத்தில்தான் கலந்திருக்கிறது. படலம் மெலிந்தால் வெயில் உள்ளே இறங்கும். ஒருநாள் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரியும். பழைய கார்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்கு அப்புறம் எந்த பாலிஷும் உதவாது. மறுபடியும் பெயிண்ட் அடிப்பது ஒன்றுதான் வழி.

'அந்தக் காலத்தில் அம்பாசடருக்கு ரப்பிங் போட்டுப் போட்டே இருபது வருஷம் ஓட்டினோமே?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெயிண்ட் கடைகளில் இன்றும் காதில் விழுகிற 'டூக்கோ' என்ற வார்த்தை 1923-ல் அமெரிக்காவில் பிறந்தது. டூபாண்ட் கம்பெனி தயாரித்து, ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார்களில் முதலில் அடித்த லாக்கர் பெயிண்ட் அது. அதற்கு முன்பு ஒரு காருக்குப் பெயிண்ட் காய வாரக்கணக்கில் ஆகும். டூக்கோ மணிக்கணக்கில் காய்ந்தது. ஆனால் தேய்த்து மெருகேற்றினால்தான் பளபளக்கும். ரப்பிங் என்கிற கலை வளர்ந்தது அந்தப் பெயிண்ட்டுக்காகத்தான். அப்போது நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சு. வெயிலில் வெளுத்த மேல்தோலைத் தேய்த்து எடுத்தால், அடியில் அதே நிறம் புதிதாக இருக்கும்.

இன்னொரு வசதியும் அதில் இருந்தது. தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டும்! பச்சை வண்டியென்றால் துணி பச்சை. ஓனர் பார்த்துக்கொண்டே இருப்பார். 'போதும்ப்பா, பெயிண்ட் போவுது' என்று தடுத்துவிடுவார். இன்றைக்குப் போவது நிறமே இல்லாத படலம். துணியில் ஒரு தடயமும் விழாது. திருட்டு நடக்கிறது, கைரேகை மட்டும் இல்லை. நாமே பக்கத்தில் நின்று, 'இந்த இடத்துல இன்னும் கொஞ்சம் போடுப்பா' என்கிறோம்.

இதில் திருவள்ளூருக்கு ஒரு விசேஷம் உண்டு. அம்பாசடரைத் தயாரித்த அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்தான் 1998-ல் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் காரைத் தயாரிக்க ஆரம்பித்தது. 2021-ல் சிட்ரோயன் கார்கள் வெளிவந்ததும் திருவள்ளூரிலிருந்துதான். நவீன கார் தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கிற இடத்தை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி வைத்திருப்பார்கள். காரின் கூட்டையே தொட்டியில் முக்கி எடுத்து, மின்சாரத்தால் முதல் பூச்சை ஒட்டவைப்பார்கள். தூசு நுழையாத அறையில் ரோபோ பெயிண்ட் அடிக்கும். கடைசியாகக் கிளியர் கோட்டை 140 டிகிரி வாக்கில் அடுப்பில் வேகவைப்பார்கள். ரப்பரும் பிளாஸ்டிக்கும் சீட்டும் வைத்து முழுசாக முடித்த காரை மறுபடி அந்த அடுப்புக்குள் தள்ள முடியாது. கம்பெனி கொடுத்த கிளியர் கோட் ஒரே ஒரு முறை கிடைப்பது. அதை அதே சாலையில் சில மைல் தள்ளி ஒரு ஷெட்டில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்துச் சீவிவிடுகிறோம்!

எனக்கு ரசாயனம் தெரியாது. பி.காம். படித்தவன். கணக்கு மட்டும் தெரியும். பி.காம். முதல் வருஷத்தில் ஒரு பாடம் நடத்துவார்கள். முதல் வேறு, வரவு செலவு வேறு. பேங்க்கில் டெபாசிட் போட்டு வட்டியைச் சாப்பிடலாம். டெபாசிட்டையே எடுத்துச் சாப்பிட்டால் கொஞ்ச நாளைக்கு அமர்க்களமாக இருக்கும், அப்புறம் முதலுக்கே மோசம். உங்கள் காரின் 40 மைக்ரான் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட். அதில் மேற்கொண்டு போட முடியாது, எடுக்க மட்டும்தான் முடியும். ஒவ்வொரு பாலிஷும் முதலில் கை வைப்பது. அதற்கு நாம் பணமும் கொடுக்கிறோம். நம் டெபாசிட்டை உடைத்துச் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டதற்குச் சர்வீஸ் சார்ஜ் கேட்கிற பேங்க்கை உலகத்தில் வேறு எங்காவது கண்டதுண்டா?

தொழிலுக்காக வைத்திருக்கிற சாதாரண காருக்கு வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 15 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். அதற்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? தேய்மானம்! பெயர் வைத்தவர் வாட்டர் வாஷ் ஷெட்டுக்குப் போய் வந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

சரி, வேக்ஸ்? அது நேர் எதிர். மெழுகு எதையும் எடுப்பதில்லை, மேலே ஒரு படலமாகப் படிகிறது. பிரேசிலில் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கார்னாபா என்ற மெழுகை எடுக்கிறார்கள். மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மினுமினுப்பு தருகிற சமாசாரம். அதுதான் காருக்கும் வருகிறது. உருகுவதற்கே 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனாலும் நம் ஊர் வெயிலிலும் ஷாம்பு குளியலிலும் இரண்டு மாதம் தாங்கினால் பெரிய விஷயம். போனால் போகட்டும். டப்பாவில் இருந்து வந்ததுதான் போகிறது, உங்கள் கிளியர் கோட் அப்படியே இருக்கிறது. இதுதான் வரவு செலவுக் கணக்கு. பூசலாம், தீரும், மறுபடி பூசலாம்.

இவ்வளவு எதிரெதிரான இரண்டு வேலைகளுக்கும் கடையில் ஒரே பெயர்: 'பாலிஷ்'! சில பாட்டில்களில் வெறும் மெழுகும் எண்ணெயும். சிலவற்றில் தேய்ப்புப் பொடி. என் குற்றச்சாட்டு இந்தக் குழப்பத்தின் மேல்தான். இந்தத் தொழிலில் பாதி லாபம் இந்தக் குழப்பத்திலிருந்து வருகிறது. சர்வீஸ் பில்லில் 'பாலிஷிங்' என்று ஒற்றை வரி. எந்தப் பொடி, எந்த மெஷின், எத்தனை மைக்ரான், ஒன்றும் கிடையாது. ஆஸ்பத்திரி பில்லில் 'ஆபரேஷன்' என்று மட்டும் எழுதியிருந்தால் பணம் கட்டுவீர்களா? எதை வெட்டினீர்கள் என்று கேட்கமாட்டீர்களா?

போதாததற்குப் பெரிய பெரிய வார்த்தைகள். முன்பு டெஃப்ளான். புது வண்டி டெலிவரி எடுக்கும்போதே, 'டெஃப்ளான் கோட்டிங் போட்டுடலாம் சார், தோசைக்கல் மாதிரி ஒண்ணுமே ஒட்டாது' என்பார்கள். தோசைக்கல்லில் டெஃப்ளானைப் பிடிக்கவைப்பதற்கு 300 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். உங்கள் காரை அப்படிச் சூடாக்கினால் டயர் முதல் டேஷ்போர்டு வரை தோசை மாவு ஆகிவிடும். துணியில் தொட்டுத் தடவினால் தோசைக்கல் வந்துவிடுமா?

இப்போது செராமிக். இருபதாயிரம், முப்பதாயிரம், அதற்கு மேலும். நேர்மையாகச் சொல்கிறேன், நல்ல செராமிக் பூச்சு பொய்யில்லை. மெழுகைவிட ரொம்ப நாள் நிற்கும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். கழுவுவது சுலபம். ஆனால் '9 ஹெச் கடினம் சார், கீறலே விழாது' என்கிறார்களே, அந்த ஹெச் என்ன தெரியுமா? பென்சில்! டிராயிங் கிளாஸில் 2 ஹெச், 4 ஹெச் என்று வாங்கினோமே, அதே அளவுகோல். 9 ஹெச் பென்சிலால் கீறினாலும் கோடு விழாது என்பது மட்டுமே அதன் அர்த்தம். நம் சாலைப் புழுதியில் இருப்பது பென்சில் அல்ல, மணல். மணல் என்பது குவார்ட்ஸ். சமையல் கத்தியைவிடக் கடினமான பொருள். அது கிழிக்கத்தான் செய்யும். இன்னொன்றையும் மெதுவாகச் சொல்வார்கள். செராமிக் போடுவதற்கு முன்னால் வண்டிக்கு மெஷின் பாலிஷ். அதாவது, காப்பாற்றுவதற்கு முன்னால் ஒரு சீவல்.

சரி, கீறலே எப்படி வருகிறது? இங்கேதான் நாம் கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அபார்ட்மென்ட்டில் விடிகாலை ஐந்து மணிக்கு ஒருவர் வருகிறார். ஒரு பக்கெட், ஒரு துணி, இருபது கார். மாதம் வண்டிக்கு ஐந்நூறோ அறுநூறோ கொடுக்கிறோம், அதிலும் பேரம். மூன்றாவது காருக்கு வருவதற்குள் பக்கெட் தண்ணீர் சேறு. துணி முழுக்க மணல். அந்தத் துணிக்கு இன்னொரு பெயர் உப்புத்தாள். அவர்மேல் தப்பில்லை. இரண்டாவது பக்கெட்டும் நான்கு துணியும் வாங்கிக்கொடுக்க நமக்கு மனம் வரவில்லை. மாதம் நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, விழுந்த கீறலை எடுக்க வருஷத்துக்கு ஐயாயிரம் அழுகிறோம். இந்தக் கணக்கைப் போட பி.காம். தேவையில்லை.

தண்ணீரும் ஒரு முதல்தான். சென்னை குடிக்கிற பூண்டி ஏரி 1944-ல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே இதே திருவள்ளூர் மாவட்டத்தில் கட்டப்பட்டது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது, இந்த மாவட்டத்து விவசாயக் கிணறுகளிலிருந்துதான் சென்னைக்குத் தண்ணீர் லாரிகள் ஓடின. குழாயைத் திறந்துவிட்டுக் காரைக் குளிப்பாட்டுகிறவர்கள் கொஞ்சம் நினைத்துக்கொள்ளவேண்டிய விஷயம். இரண்டு பக்கெட் தாராளமாகப் போதும்.

அப்படியென்றால் என்னதான் செய்வது? ரொம்ப சுலபம், அதனால்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. காய்ந்த துணியால் புழுதியைத் துடைக்காதீர்கள். முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்குங்கள். ஒரு பக்கெட்டில் கார் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். நிழலில், மேலிருந்து கீழே கழுவுங்கள். மெத்தென்ற மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் மெழுகு. பறவை எச்சத்தை அன்றைக்கே, முடிந்தால் அந்த நிமிஷமே, ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு எடுங்கள். வெயிலில் இளகி இறுகுகிற படலத்தில் அது அச்சு மாதிரி பதிந்துவிடும். என் பானெட்டே சாட்சி. கும்மிடிப்பூண்டி சிப்காட் மாதிரி இரும்பு உருக்குகிற இடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் புள்ளிகள் வரும். காற்றில் வந்த இரும்புத் துகள் துருப்பிடிப்பது அது. அதற்கும் உடனே காம்பவுண்ட் வேண்டாம். அதற்கென்றே ஒரு களிமண் கட்டி விற்கிறது, ஈரமாக்கித் தடவினால் துகளைக் கவ்விக்கொண்டு வந்துவிடும்.

பாலிஷே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆபரேஷனே கூடாது என்று யாராவது சொல்வார்களா? நிஜமாகவே வண்டி மங்கிவிட்டால், சில வருஷத்துக்கு ஒருமுறை, விஷயம் தெரிந்த கையில் கொடுங்கள். தெரிந்த ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயிண்ட்டின் தடிமனை அளக்கச் சின்னதாக ஒரு மீட்டர் இருக்கிறது. தேய்ப்பதற்கு முன்னால் அதை வைத்து அளக்கிறவர் தொழில்காரர். இருப்பதிலேயே சன்னமான பொடியில் ஆரம்பித்து, ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டுப் போதும் என்று நிறுத்தத் தெரிந்தவர். அந்த மீட்டர் என்றால் என்ன என்று கேட்கிறவரிடமிருந்து சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அடுத்த சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்: 'பாலிஷ் வேண்டாம்.' 'இலவசம்தான் சார்' என்பார்கள். இலவசமாகச் சீவினாலும் போவது போவதுதான்.

'நாலு பேர் பார்க்கிற வண்டி, பளிச்சென்று இருக்கவேண்டாமா?' என்கிறீர்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் நான் தரிசனம் முடித்து வந்த திருவாலங்காட்டில் நினைவுக்கு வரவேண்டியவர் காரைக்கால் அம்மையார். வசதியான வணிகர் வீட்டுப் பெண். மற்றவர் பார்க்கிற அழகு எனக்கு எதற்கு என்று அதை உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டு, கடைசியில் ஆடல் பார்க்க வந்து சேர்ந்தது இந்த ஊருக்குத்தான் என்கிறது புராணம். அவ்வளவு பெரிய துறவெல்லாம் நமக்கு வராது. ஓர் ஐந்து ரூபாய் அளவு மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம் அல்லவா?

அன்றைக்குப் பையனிடம் கழுவினதற்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பெரியவருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தேன். அந்தத் தடம் என் பானெட்டில் இன்னும் இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம், "ஒரு பாலிஷ் போட்டா போயிடுமே சார்" என்கிறார்கள்.

தெரியும். அதோடு சேர்ந்து வேறு என்ன போகும் என்பதும் இப்போது தெரியும்.